எண்ணெய் வைத்த தலை

ஐப்பசி, வியாழன் இரவு

வேங்கிக்காலில் நாத்தனார் மகளைப் பார்க்கப் போனேன். அவள் நர்ஸ். செத்துப்போன என் வீட்டுக்காரரைப் பற்றிப் பேச்சு வந்தது. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலப் பாதையில் விடிய விடிய சுக்குக் காபி விற்ற மனுஷன், கடைசி வருஷம் கட்டிலை விட்டே இறங்கவில்லை. ஏன் என்று கேட்டேன்.

"மூளையில முன்பக்கம் வேலை கம்மியாயிட்டா அப்படித்தான் அத்தை. எதுலயும் ஆசை வராது. எழுந்து போய் சாப்பிடக்கூடத் தோணாது. அது சோம்பேறித்தனம் இல்ல."

"தலையில ஒயர் வச்சு எடுப்பாங்களே, அதுல தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கலாம், தெரியாமலும் போயிருக்கலாம். நீங்கதான் எடுக்கவே இல்லியே."

எடுக்காமல் போனது என்னால்தான். அந்த டெஸ்டுக்கு வரச் சொன்ன அன்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, சூடு தணியட்டும் என்று அவர் உச்சியில் நல்லெண்ணெய் வழிய வழியத் தேய்த்து வாரிவிட்டேன். டெஸ்ட் எடுக்கும் பெண் பார்த்துவிட்டு, "எண்ணெய்த் தலையில ஒயர் ஒட்டாதும்மா. தலைக்கு ஊத்தி நாளைக்குக் கூட்டினு வாங்க" என்றாள்.

"மாப்பிள்ளை மாதிரி ஜோடிச்சு கூட்டினு வந்துட்டா" என்று அவளிடம் சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் கடைசி. மறுநாள் எழுந்திருக்க மாட்டேன் என்றார். நானும் விட்டுவிட்டேன்.

பெரியவன் இன்றைக்கும் அப்பாவைச் சோம்பேறி என்றுதான் சொல்கிறான். இல்லைடா என்று சொல்ல போனை எடுத்தேன். அம்மா, உனக்கு எப்படித் தெரியும் என்பான். போனை வைத்துவிட்டேன்.