அக்கா ஊற்றும் தண்ணீர்

மச்சான்,

இன்று காலை காரின் பானட்டைத் தூக்கியதும் ரேடியேட்டரில் ஊற்றும் கூலண்டின் தித்திப்பு வாடை முகத்தில் அடித்தது. அந்த வாடை வந்தால் நீங்கள் உடனே குழாய் இணைப்புகளையெல்லாம் தடவிப் பார்ப்பீர்கள். நானும் தடவினேன். விரலில் பட்ட ஈரம் கசிவா, என் வியர்வையா என்று எனக்கே தெரியவில்லை.

மிளகாய் வற்றல் மண்டிக்காரருக்கு எதற்கு இந்த வேலை என்று விருதுநகரில் எல்லோரும் சிரித்தபோது, பழைய காருக்குள் லோடு வண்டியின் டீசல் இஞ்சினை இறக்கினீர்கள். அதன் சூட்டுக்குப் பழைய ரேடியேட்டர் காணாது என்று தடித்த ரேடியேட்டரும் இரண்டு மின்விசிறியும் வைத்தீர்கள். கல்லூரியில் இயற்பியல் நடத்திய நான் பக்கத்தில் உட்கார்ந்து வெப்பக் கணக்குப் போட்டேன். "மாப்ள, நீங்க கணக்க முடிக்கங்குள்ள இஞ்சினு வெந்து பிரியாணி ஆயிரும்" என்றீர்கள்.

நீங்கள் மறைந்த பிறகு, அந்த இஞ்சின் சத்தம் கேட்டால்தான் அக்காவுக்குச் சோறு இறங்குகிறது. மறதி நோய் முற்றிய உங்கள் மனைவிக்கு, கூடப்பிறந்த நான் யாரென்று தெரியாது. வீட்டில் சோற்றுக்கு வாய் திறப்பதில்லை. கார் ஓடினால் நீங்கள் ஓட்டுவதாக நினைத்து, பின்சீட்டில் என் மனைவி ஊட்டும் பருப்புச் சோற்றை வாங்கிக்கொள்கிறாள். வேறு வண்டியிலும் ஏற்றிப் பார்த்தோம். பல்லைக் கடித்துக்கொண்டாள்.

சென்ற வாரம் நாரணாபுரத்தில் ஒரு பட்டாசுக் கம்பெனி வாசலருகே பானட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பியது. காவலாளி ஓடிவந்தார். "ஏலே, வண்டியத் தள்ளுங்கலே! பெரியவரே, நிப்பாட்ட ஒங்களுக்கு வேற எடமே கெடைக்கலையாக்கும்?" வேலை விட்டு வந்த பெண்கள் சேர்ந்து தள்ளினார்கள். "தாத்தா, புஸ்வாணம் வேணும்னா எங்ககிட்ட கேட்டா குடுக்க மாட்டோமா?" என்று ஒருத்தி சிரித்தாள். இஞ்சின் நின்றதும் அக்கா வாயிலிருந்த சோற்றைத் துப்பிவிட்டாள்.

மெக்கானிக் ரேடியேட்டரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே உப்புப் படிந்து வெள்ளையாக அடைத்திருந்தது. நான் கூலண்டைத் தவிர எதுவும் ஊற்றியதில்லையே! கலவையில் பிழை செய்தேனோ என்று என்னையே சந்தேகித்தேன். மறுநாள் விடிந்ததும் பார்த்தேன். அக்கா பானட்டைத் திறந்து, பிஸ்மில்லா சொல்லி, செம்பிலிருந்த போர் குழாயின் உப்புத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். "அவுக கெளம்புறதுக்குள்ள தண்ணி காட்டணும்ல."

பயணத்துக்கு முன் அவள் கையால் தண்ணீர் ஊற்றினால்தான் நீங்கள் வண்டியை எடுப்பீர்கள். அப்போதெல்லாம் ஊற்றியது நல்ல தண்ணீர். நல்ல தண்ணீர் எது, உப்புத் தண்ணீர் எது என்பது அவளுக்கு மறந்துபோயிற்று, ஊற்றுவது மறக்கவில்லை.

பானட்டைப் பூட்டினேன். தகரத்தைத் தட்டித் தட்டி அழுதாள். சுத்தமான தண்ணீரை நானே செம்பில் நிரப்பிக் கொடுத்தேன். கொட்டிவிட்டுக் குழாயடிக்கே போனாள். கடைசியில் ரேடியேட்டர் மூடியை மறைத்து, பக்கத்தில் ஒரு பொய்த் தொட்டியைப் பொருத்தினேன். அவள் ஊற்றுவதெல்லாம் தரைக்குப் போய்விடும். ரேடியேட்டரையும் மாற்றினேன். ஆனாலும் இஞ்சினுக்குள் படிந்த உப்பை முழுதும் கழுவ முடியவில்லை. சாத்தூர் ரோட்டில் சூட்டு முள் இன்னும் ஏறுகிறது, மச்சான். வேறு இஞ்சின் வைத்தால் இந்தச் சத்தம் போய்விடும். நான் என்ன செய்வேன்?

இன்று அக்கா ஊற்றிவிட்டுக் குனிந்து பார்த்தாள். காருக்கடியில் தண்ணீர் ஓடியது. முகம் வெளிறி என் கையைப் பற்றிக்கொண்டாள். "தம்பி, வண்டி ஒழுகுதுடா. ஒங்க மச்சான்ட்ட சொல்லிறாத. அவுக தாங்க மாட்டாக."

அவள் என்னைத் தம்பி என்று கூப்பிட்டு எவ்வளவோ காலமாயிற்று. சொல்லமாட்டேன் என்று தலையாட்டினேன். அந்தப் பிடி இன்னும் என் மணிக்கட்டில் இருக்கிறது. தாங்க மாட்டீர்கள் என்று தெரிந்தும் உங்களிடமே சொல்கிறேன், மச்சான். வேறு யாரிடம் சொல்வேன்?