இரண்டு விரல் பின்னால்

ஜூன் 9, திங்.

காலையிலேயே புழுக்கம். அக்காவுடன் ஆஸ்பத்திரி. டாக்டர் காகிதத்தில் வரைந்து காட்டினார். கட்டியோடு அக்காவின் இடது தாடை எலும்பில் பாதி போகும். காலிலிருந்து எலும்பு எடுத்து அங்கே வைப்பார்களாம். அடுத்த வாரம் ஆபரேஷன். மாமா தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தார். அக்காவைக் கட்டிய மனுஷர், அந்தக் காகிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

திரும்பும்போது ஆட்டோவில் அக்கா: “டேய், அதுக்கு முன்னாடி என்னை ஒரு படம் எடுத்துக் குடு. போன்ல வேணாம், அது மூஞ்சிய மொழுகிடுது. உன் கேமராவுல எடு. அப்புறம் நான் பாத்துக்கணும்ல.”

சரி என்றேன்.

வாங்க: அவளுக்கு மெத்தென்ற பிரஷ், தண்ணீர் கேன், கேமரா பேட்டரி.

ஜூன் 10, செவ்.

என் லென்ஸில் ஒரு கோளாறு. எழுதிப் பார்த்தாலாவது தெளியுமா.

இந்தக் கேமராவில் லென்ஸ் வழியாகப் பார்ப்பதில்லை. தனியாக ஒரு சின்ன ஜன்னல். அதன் நடுவே ஒரு கட்டம். அதற்குள் ஆள் இரண்டாகத் தெரிவார். லென்ஸைத் திருப்பி இரண்டையும் ஒன்றாக்கினால் ஃபோகஸ். கேமரா கம்பெனியின் சொந்த லென்ஸ் என்றால் பிரச்சினை இல்லை. என்னுடையது வேறு கம்பெனி. ஜன்னலில் கண் அழகாகப் பொருந்தும். படத்தில் கண் மங்கி, காதோர முடி பளிச்சென்று இருக்கும். ஃபோகஸ் இரண்டு விரல் அகலம் பின்னால் போய் விழுகிறது. கேமராவும் பழைய மாடல், திரையில் பார்த்து ஃபோகஸ் பண்ண வழியில்லை.

மூன்று வருடமாக நான் செய்வது: ஜன்னலில் பொருத்துவது, மூச்சைப் பிடித்து உடம்பை இரண்டு விரல் பின்னால் சாய்ப்பது, க்ளிக். பாதிப் படம் தேறும். இந்தத் தடவை பாதி தேறினால் போதாது.

ஜூன் 12, வியா.

மழை வரும்போல் இருந்து வரவில்லை. ராயப்பேட்டை சேகருக்கு போன் பண்ணினேன். கல்யாணம் காதுகுத்து எல்லாம் எடுக்கிறவன்.

“எட்டுல வச்சி எட்றா மச்சி. அல்லாமே ஷார்ப்பா வந்துடும். இன்னாத்துக்கு இவ்ளோ டென்ஷன்?”

லென்ஸின் துவாரத்தை எட்டாம் எண்ணுக்குச் சுருக்கினால் தப்பு மறைந்துவிடும், உண்மைதான். ஆனால் அக்கா பின்னால் இருக்கும் மருந்து டப்பா, துணிக் கொடி, எல்லாமே தெளிவாக விழும். எனக்கு அவள் முகம் மட்டும் வேண்டும். அகலத் திறந்துதான் எடுப்பேன். அவனிடம் சரி சரி என்று வைத்துவிட்டேன்.

லென்ஸின் பின்பக்கம் ஒரு வளையம், மூன்று பொடி ஸ்க்ரூ. அதைத் திருப்பித்தான் சரிசெய்ய வேண்டுமாம். மூன்றையும் தளர்த்தி, வளையத்தைத் துளி திருப்பி, இறுக்கினேன். மாதாவே, கெட்டுப்போய்விடக் கூடாது.

ஜூன் 13, வெள்.

ஸ்டாண்டில் வைத்துச் சோதனை. சாய்த்து வைத்த ஸ்கேல், காபித்தூள் டப்பா, பிறகு மாதா சுரூபத்தின் கண். எங்கே பொருத்தினேனோ அங்கேயே கூர்மை. திரும்பத் திரும்ப எடுத்தேன். ஒன்றுகூட நழுவவில்லை.

பல நாளுக்குப் பிறகு நன்றாகச் சாப்பிட்டேன்.

ஜூன் 14, சனி

சாயங்காலம் ராஜா அண்ணாமலைபுரம், அக்கா வீடு. நீலப் புடவை. பவுடர் போடலாமா என்று கேட்டாள், வேண்டாம் என்றேன். ஜன்னலோரம் நாற்காலி. கையில் பிடித்தே எடுத்தேன்.

“என்னடா ஊஞ்சல் ஆடுற?” என்று சிரித்தாள். சிரித்தபோதும் எடுத்தேன். வீக்கம் வந்த பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து இன்றுதான் பார்க்கிறேன். திரையில் எல்லாம் நன்றாகவே தெரிந்தது. தபால்தலை அளவுத் திரை.

ஜூன் 15, ஞா.

சர்ச்சில் பூசை முடிந்து வந்து கம்ப்யூட்டரில் போட்டேன். மூக்கு நுனி. எல்லாப் படத்திலும் மூக்கு நுனிதான் கூர்மை. கண் மங்கல். சிரித்த படத்தில்கூட.

சாய்ந்திருக்கிறேன். லென்ஸைச் சரிசெய்துவிட்டு, பழைய பழக்கத்தில் பின்னால் சாய்ந்திருக்கிறேன். அவள் கேட்டாள், ஊஞ்சல் ஆடுகிறாயா என்று. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை. கழுதை நான்.

உடனே போன் பண்ணினேன். மாமா எடுத்தார். “பெட்டு கெடச்சிருச்சுன்னு கூப்டாங்கப்பா. நாங்க இங்க வந்துட்டோம்.”

கேமராவோடு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். வாசலில் செக்யூரிட்டி: “கேமராலாம் உள்ள வுட மாட்டாங்க சார். இங்கியே வச்சிட்டுப் போ.” வைத்துவிட்டுப் போனேன்.

அக்கா கட்டிலில், ஆஸ்பத்திரிச் சட்டையில். மூக்கில் குழாய் போட்டுவிட்டார்கள்.

“நல்லா வந்துச்சாடா?”

“நல்லா வந்திருக்கு அக்கா.”

“கண்ணு?”

“அதுவும்.”

பையில் போன் இருந்தது. அதில் ஒன்று எடுத்திருக்கலாம். எடுத்தால் பொய் தெரிந்துவிடும். எடுக்கவில்லை.

ஜூன் 17, செவ்.

காலையில் உள்ளே போனாள். இருட்டிய பிறகுதான் வெளியே கொண்டுவந்தார்கள். பிழைத்துவிட்டாள். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். இடது பக்கம் யாரோ மாதிரி.

ஜூன் 21, சனி

பேச முடியாது. போனில் டைப் பண்ணி மாமாவிடம் காட்டுகிறாள். என்னிடம் காட்டியது ஒரு சொல்: படம்.

வீட்டுக்கு வந்ததும் காட்டுகிறேன் என்றேன். ஏதோ மென்பொருளில் கண்ணைக் கூர்மையாக்கிப் பார்த்தேன். இமைமுடி வந்தது. அது அக்காவுடையது இல்லை. அழித்துவிட்டேன்.

தூக்கம் இல்லை.

ஜூலை 5, சனி

வெயில். அக்கா நேற்று வீட்டுக்கு வந்துவிட்டாள். மாமா பீரோக் கண்ணாடி மேல் துண்டு போட்டிருக்கிறார். “இன்னும் அவ மூஞ்சியப் பாக்கலப்பா. கேக்கவும் இல்ல” என்றார்.

லேப்டாப்பை மடியில் வைத்தேன். சிரித்த படம். பெரிதாக்கச் சொல்லிக் கை காட்டினாள். பெரிதாக்கினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு போனில் டைப் பண்ணினாள்: மூக்கு நல்லா வந்திருக்கு.

அழுதுவிட்டேன். என் தலையில் ஒரு குட்டு வைத்தாள். பிறகு கேமராவைக் காட்டினாள், தன்னைக் காட்டினாள்.

வேண்டாம் என்றேன். மாமாவும் வேண்டாம் என்றார். மறுபடியும் காட்டினாள்.

கட்டத்தில் பொருத்த ஒரு கோடு வேண்டும். கீழ் உதட்டிலிருந்து இறங்கும் தையல் இருந்தது. அதில் வைத்துப் பார்த்தேன், பிறகு கண்ணுக்கு வந்தேன். முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டேன். சாயவில்லை.

லேப்டாப்பில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தேன். கண் அப்படியே இருக்கிறது. ஒவ்வொரு இமைமுடியும். ஒவ்வொரு தையலும்.

அக்கா லேப்டாப்புக்குக் கையை நீட்டினாள்.

கொடுத்தேன்.