அழகம்மா சொன்னது அதுவல்ல

கண்டி
2024 ஒக்டோபர் 19

அன்பு மகன் சண்முகநாதனுக்கு,

நீயும் மருமகளும் பிள்ளையும் அந்தக் குளிரில் நோய்நொடி இல்லாமல் இருக்கவேண்டும் என்று தினமும் விளக்கு வைக்கும்போது நினைத்துக்கொள்கிறோம். இங்கே அம்மாவுக்குக் கால் வீக்கம் வற்றியிருக்கிறது, எனக்கும் உடம்பு பரவாயில்லை, மனம்தான் சரியில்லை. போனில் பேசினால் நீ முந்திக்கொள்கிறாய், நானும் சரி சரி என்று சொல்லி வைத்துவிடுகிறேன், அதனால்தான் எழுதுகிறேன். பக்கத்துக் குடைக்கடை மக்கீனின் மகள் ரபீகா புதன்கிழமை லண்டன் திரும்புகிறாள், அவளிடம் இந்தக் கடிதத்தையும் ஒரு சின்னப் பொட்டலத்தையும் கொடுத்துவிடுகிறேன். கடிதத்தை முழுதும் வாசித்த பிறகு பொட்டலத்தைப் பிரி.

நம் கறித்தூள் கடையில் நான் வைத்திருக்கும் குறைக் கொப்பியை நீ பார்த்திருக்கிறாய். நகரசபையில் முப்பது வருஷம், தெருவிளக்கு எரியவில்லை, கழிவுநீர்க் கான் அடைத்துவிட்டது என்று வருகிறவர்களின் முறைப்பாட்டை எழுதி வந்த பழக்கம் கடையிலும் விடவில்லை. திகதி, பெயர், இடம், அவர்கள் சொன்னது சொன்னபடி, கீழே சிவப்பு மையில் நான் மாற்றியது என்ன என்பது. அடுத்த முறை அந்த ஆள் வந்தால் எடுத்து வாசிப்பேன், போன தடவை மல்லி கருகிப்போச்சு, புகையிலை மாதிரி மணக்குதுன்னு சொன்னீங்க, இந்தத் தடவை இளஞ்சூட்டில் வறுத்தேன் என்று. நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். பஸ் ஏறப் போகிற ஹந்தானை, கலஹாத் தோட்டத்துப் பெண்கள் பலர் அந்த வாசிப்பைக் கேட்டுத்தான் முதலில் உள்ளே வந்தார்கள். இதைத் தவிர நம் கடைக்கு வேறு விளம்பரம் இருந்ததில்லை, பெயர்ப்பலகை கூட மழையில் பாதி அழிந்துதான் கிடக்கிறது.

பேஸ்புக்கில் கடைக்கு ஒரு பக்கம் தொடங்கப்போகிறேன், பொய் விளம்பரம் வேண்டாம் அப்பா, வாங்குகிறவர்கள் சொன்ன சொல் போதும், நம்பிக்கைதான் வியாபாரம் என்று நீ சொன்னபோது எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது. அதனால்தான் கொப்பியில் பதினான்கு பக்கங்களைப் படம் பிடித்து அனுப்பினேன். குறையைக் குறையாகவே போடுவாய் என்று நானாக நினைத்துக்கொண்டேன். நீ எல்லாவற்றையும் திருப்பிப் பாராட்டாக எழுதிப் போட்டிருந்தாய். உன்மேல் மட்டும் பழி போடவில்லை மகன். நான் அதை முதல் நாளே பார்த்தேன், மூன்று முறை வாசித்தேன், எனக்கு அது பிடித்திருந்தது. எழுபத்து மூன்று வயதில் யாரோ நம்மைப் புகழ்ந்ததுபோல ஒரு மயக்கம். இது சரியில்லை என்று அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

ஹந்தானை அழகம்மா இரண்டரை வருஷத்துக்கு முன் சொன்னது, இது தூளா சாம்பலா ஐயா, என் வீட்டுக்காரர் ஒரு வாய் வச்சிட்டுச் சட்டியைத் தள்ளிட்டாரு என்று. நீ பேஸ்புக் பக்கத்தில் போட்டிருந்தது, என் வீட்டுக்காரர் இந்தத் தூள் போட்ட கறியை மட்டும்தான் விரும்பிக் கேட்பார் என்று. யாரோ அதை அவளுக்குப் போனில் காட்டியிருக்கிறார்கள். போன மாதம் ஒரு சனிக்கிழமை கடையில் ஆட்கள் நிற்கும்போது வந்தாள், சத்தம் போடவில்லை. எங்க வீட்டுக்காரர் செத்து ரெண்டு வருஷம் ஆகுது, இப்ப எங்க வந்து கறி கேட்டாரு, எனக்கும் காட்டுங்களேன் ஐயா, நானும் ஒரு தடவ பாத்துக்கிறேன் என்றாள். அவர் சாவு வீட்டுக்கு நான் போயிருக்கிறேன் மகன், மாலை வாங்கிக்கொண்டு போனேன். அப்படியிருந்தும் அதை வாசித்தபோது எனக்கு உறைக்கவில்லை. அவரு சட்டியத் தள்ளுனதுதான் நெசம், நெசத்த எழுதுவீங்கன்னுதான் உங்ககிட்ட சொன்னேன் என்று சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் போய்விட்டாள்.

அன்றையிலிருந்து கொப்பியில் ஒரு வரி ஏறவில்லை. வருகிறவர்களும் குறைந்துவிட்டார்கள், வருகிற நாலு பேரிடம் தூள் எப்படி என்று கேட்டால் நல்லா இருக்குங்க என்கிறார்கள், எல்லோரும் அதே சொல்லை. நீங்க ஸ்டூடியோ போட்டோக்காரர் மாதிரி ஆகிட்டீங்க, உங்களைக் கண்டா எல்லாரும் சிரிக்கிறாங்க என்று மக்கீன் கேலி செய்கிறான். கொப்பியை எடுத்துக்கொண்டு ஹந்தானைக்கே போனேன். அழகம்மா உட்காரக் கதிரை போட்டு, தேத்தண்ணி ஊற்றித் தந்தாள். மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லைங்க என்றாள். கடைசியாக வாங்கிய தூள் எப்படி என்று கேட்டேன், நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். இருபது வருஷத்தில் அவள் என்னிடம் ஒருமுறை கூட அப்படிச் சொன்னதில்லை. அவள் ஏசியிருந்தால் நான் நிம்மதியாகப் பஸ் ஏறியிருப்பேன்.

இனி எழுதுவதை நீ பொறுமையாக வாசி. கொரோனாக் காய்ச்சல் வந்துபோன பிறகு எனக்கு மணமும் இல்லை, ருசியும் இல்லை. திரும்பி வரும் என்றார்கள், வரவில்லை. ரசத்துக்கு உப்புப் போட மறந்துட்டேன், நீங்க பேசாமக் குடிச்சிட்டீங்களே என்று அம்மா ஒருநாள் கேட்டபோது அவளிடம் சொல்லிவிட்டேன், உனக்குச் சொல்லவில்லை. வயிற்றுப்புண்ணால் அம்மாவும் காரம் தொடக்கூடாது. மூன்று வருஷமாக அந்தப் பெண்கள் சொன்ன குறையை வைத்துத்தான் நான் வறுத்தேன், அரைத்தேன். அவர்களுடைய நாக்குத்தான் என் நாக்கு. போன வாரம் குட்ஷெட் பஸ் நிலையத்தில் ஆட்கள் உட்காரும் வாங்கில் நம் கடைத் தூள் பக்கெட் ஒன்று பிரித்தபடி கிடந்தது, ஒரு பிடி கூடக் குறையவில்லை. எடுத்து முகர்ந்து பார்த்தேன். எனக்கு என்ன தெரியும். கருகியிருந்ததா, பூஞ்சணம் பிடித்திருந்ததா, யாராவது மறந்து விட்டுப் போனார்களா, கேட்க ஒரு ஆள் இல்லை. மறுநாளே அரைக்கும் மெஷினை நிறுத்திவிட்டேன். தெரியாமல் ஒன்றை அரைத்து ஏழை வீட்டுச் சட்டியில் போட எனக்குத் துணிவில்லை. கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன், அவ்வளவுதான், தைப்பொங்கல் வரை அதையும் செய்வேனோ தெரியாது.

அந்தப் பதினான்கையும் எடுத்துவிடு, அழகம்மாவுடையதை முதலில். பதிலுக்கு விளக்கம் ஒன்றும் எழுதாதே, நீ அழகாக எழுதிவிடுவாய், அதுதான் எனக்குப் பயம். வேலைக்கு நேரத்துக்குச் சாப்பிட்டுப் போ, பிள்ளைக்குக் காதை மூடிக் குல்லா போடு, மருமகளைக் கேட்டதாகச் சொல். முருகன் துணையால் நீங்கள் மூவரும் குறைவில்லாமல் வாழவேண்டும்.

பொட்டலத்தில் இருப்பது கடைசியாக அரைத்த தூள். ஒரு கறி வைத்து, சாப்பிட்டுப் பார்த்து, எப்படி இருக்கிறது என்று எனக்கு எழுது. கொப்பியில் உனக்கு ஒரு பக்கம் ஒதுக்கித் திகதியும் பெயரும் போட்டு வைத்திருக்கிறேன். நல்லா இருக்கு என்று மட்டும் எழுதாதே மகன்.

உன் பதிலைப் பார்த்திருக்கும் அப்பா,
மு. ராஜலிங்கம்