பையிலிருந்து எடுக்காத மைக்

டெய்ரி ஃபார்ம்,
போர்ட் பிளேர்.
23-1-2025

அன்பு மகள் அகிலாவுக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு வேளைக்குத் தூங்கி அப்படியே இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். ஊரின் பெயரை மாற்றி நான்கு மாதம் ஆகிறது, கை இன்னும் பழைய பெயரைத்தான் எழுதுகிறது, தபாலில் போடவில்லை என்பதால் பரவாயில்லை. பக்கத்து வீட்டுச் சொக்கலிங்கம் சனிக்கிழமை விமானத்தில் சென்னை வருகிறார், அவர் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். இந்த வீட்டில் எந்த மூலையில் நின்று பேசினாலும் அடுப்படிக்குக் கேட்கும், இது அடுப்படிக்குக் கேட்கக் கூடாத விஷயம், அதனால்தான் கடிதம்.

இங்கே விசேஷமாக ஒன்றுமில்லை. கப்பல் ஐந்து நாள் தாமதமாக வந்ததில் தக்காளியைத் தொட முடியவில்லை, புளியை வைத்தே ஒரு வாரம் ஓட்டினோம். குழாயில் தண்ணீர் மூன்று நாளைக்கு ஒரு தடவைதான். பின்பக்கத்துத் தகரக் கூரையில் இரண்டு ஷீட் மாற்றினேன், மாற்றியவன் ஆணியை எண்ணிக் கொடுத்தபோது இரண்டு குறைந்தது, அம்மா அதை இன்னும் சொல்லிக் காட்டுகிறாள். எனக்கு ரத்த அழுத்த மாத்திரை ஒன்றிலிருந்து அரையாகிவிட்டது. இவ்வளவுதான் ஊர் சேதி, இனி நீ கேட்ட கேமரா விஷயம்.

உன் கையில் ஐம்பது, நான் தருவது முப்பது, ஆக எண்பதாயிரத்துக்குள் முதல் குறும்படத்துக்கு என்ன வாங்கலாம் என்று மூன்று வழி எழுதி அனுப்பியிருந்தாய். எண்பதையும் கொட்டிப் பழைய பெரிய கேமரா ஒன்று வாங்குவது, அல்லது கூடவே வரும் லென்ஸோடு புதிய சின்னக் கேமரா வாங்குவது, அல்லது கேமராவை வாடகைக்கு எடுத்துக்கொண்டு மற்றதை மட்டும் சொந்தமாக வாங்குவது. ‘நீங்கதான் பர்ச்சேஸ் எக்ஸ்பர்ட் ஆச்சே அப்பா, கம்பேரட்டிவ் ஸ்டேட்மென்ட் போடுங்க’ என்று கேலியாகத்தான் கேட்டாய், தெரியும். ஆனால் அரசுக் கிடங்கில் முப்பத்தொரு வருடம் ஸ்டோர் கீப்பராக இருந்தவனிடம் அப்படிக் கேட்டால் அவன் போட்டுவிடுவான். மூன்று கொட்டேஷன் வாங்காமல் ஒரு துடைப்பத்துக்குக் கூட நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஓய்வு பெற்று இரண்டு வருடமாகச் சரிபார்க்க ஒன்றும் கிடைக்காமல் இருந்தேன், பழைய பரீட்சை அட்டையைத் தேடி எடுத்து, ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டேன்.

ஜங்லிகாட் பகுதியில் கல்யாண வீடியோ எடுக்கும் நந்தகுமாரை உனக்கு நினைவிருக்காது, ஸ்கூட்டர் ஒர்க்ஷாப்புக்கு மாடியில் ஸ்டுடியோ வைத்திருக்கிறான், பதினைந்து வருடமாக இதே வேலை. கடையில் கூட்டம் இல்லாததால் இரண்டு மணி நேரம் பொறுமையாகச் சொன்னான். ‘அங்கிள், எல்லாருக்கும் பாடி மேலயே த்யான். மூணு வருஷத்துல பாடி புரானா ஆயிடும், நல்ல லென்ஸ்தான் கூட வரும்’ என்றான், பாதி இந்தியில். பாடி என்பது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவாம், அதுதான் சீக்கிரம் பழசாகுமாம். பெரிய கேமராவை வாங்கிவிட்டு மாற்று பேட்டரிக்குக் காசில்லாமல் நிற்கிறவர்களைப் பார்த்திருக்கிறானாம். மூன்று பேட்டரி, இரண்டு கார்டு, ஆடாத முக்காலி, இது இல்லாமல் வாசலைத் தாண்டாதே என்றான். இந்த ஊர் ஈரத்தில் லென்ஸுக்குள் பூஞ்சை பிடித்துவிடும், அரிசி டப்பாவில் போட்டு வைப்பதெல்லாம் சும்மா, மூடினால் காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா பொட்டலம் போட்டு வைக்க வேண்டும் என்றான். உன் சென்னையும் கடற்கரை ஊர்தான், குறித்துக்கொள். மைக்கைப் பற்றியும் சொன்னான். ‘ஆவாஸ் போச்சுன்னா பிக்சர் கத்தம், அங்கிள்’ என்றான், சத்தம் கெட்டால் படமே போச்சாம். எழுதிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கோடு போட்டு அட்டவணை எழுதினேன். ஒன்று கேமரா, இரண்டு லென்ஸ், மூன்று முக்காலி, நான்கு பேட்டரியும் கார்டும், ஐந்து விளக்கு, ஆறு மைக். ஆறாவதுக்கு நேரே ‘இருந்தால் நல்லது’ என்று எழுதினேன். கேமராவுக்குள்ளேயே ஒரு மைக் இருக்கும்போது தனியாக எதற்கு என்பது என் வாதம். அலுவலகத்திலும் அப்படித்தான், யாராவது ஒரே வேலைக்கு இரண்டு சாமான் கேட்டால் ஒன்றை அடித்துவிடுவேன்.

பொருளைச் சோதிக்காமல் சான்று தருவதில்லை என்பதால் நந்தகுமாரின் பழைய கேமராவை ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு இரவல் கேட்டேன், கொடுத்தான். இது நடந்தது பன்னிரண்டாம் தேதி. அன்று அம்மாவும் நானும் சிப்பிகாட் கிராமத்தில் வசந்தகுமாரி வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது, அதுதான் அம்மாவோடு தையல் வகுப்புக்குப் போன வசந்தகுமாரி, பாக்குத் தோட்டம் போட்டிருக்கிறார்களே, அவள். பையில் கேமராவோடு, பூனைக்குட்டி மாதிரி ரோமம் வைத்த ஒரு மைக்கும் ஹெட்போனும் வைத்திருந்தான் நந்தகுமார். இரண்டையும் பார்த்தேன், ஆறாம் இனம், பையிலேயே விட்டுவிட்டேன்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வசந்தகுமாரி உள்ளே படுத்துவிட்டாள். அம்மா தோட்டத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முக்காலியை அவளுக்கு எதிரே வைத்தேன். என்ன இது கோலம் என்றாள். அகிலாவுக்குக் கேமரா பார்க்கிறேன், சும்மா எதையாவது பேசு என்றேன். நீ அரசு வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு விமானம் ஏறி பதினொரு மாதம் ஆகிறது, அன்றிலிருந்து அவள் உன்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை, உன் பேரை என்னிடம் எடுத்ததும் இல்லை. அதனால் கீரையைப் பற்றித்தான் பேசுவாள் என்று நினைத்தேன். கீரையைப் பற்றித்தான் ஆரம்பித்தாள். பிறகு கையை நிறுத்தி, கண்ணாடிக்குள் யாரோ இருப்பது போல லென்ஸை நேராகப் பார்த்து, ‘அகிலா’ என்றாள்.

பதினொரு நிமிடம் பேசினாள், அகிலா. எண் திரையில் ஓடியது, அதனால் நிமிடக் கணக்கு சரியாகத் தெரியும். என்ன பேசினாள் என்று கேட்டால் தெரியாது. பாக்கு மரங்கள் ஆடி ஆடி அவள் முகத்தில் வெயில் வந்து போய்க்கொண்டிருந்தது, வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் சக்கரத்தைத் திருப்பச் சொல்லி நந்தகுமார் கற்றுக் கொடுத்திருந்தான், நான் அதைத் திருப்பிக்கொண்டிருந்தேன். நெற்றி வெட்டுப்படுகிறதா, கழுத்து தெரிகிறதா, முக்காலி சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றடி தூரத்தில் நின்று என் மனைவியைப் பதினொரு நிமிடம் சரிபார்த்தேன், ஒரு வாக்கியம் கூடக் காதில் வாங்கவில்லை. எப்படியும் பதிவாகிறது, பிறகு சாவகாசமாகக் கேட்டுக்கொள்ளலாம் என்ற நினைப்பு. முடித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, ‘போதும், அணைங்க. அவளுக்கு அனுப்பிடுங்க’ என்றாள். திரும்பி வரும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் என் தோளில் கை போட்டிருந்தாள். அது எத்தனை வருடத்துக்குப் பிறகு என்று நான் எழுதவில்லை, உனக்கு வேண்டாதது.

திங்கள்கிழமை ஜங்லிகாட்டில் நந்தகுமார் அதைக் கம்ப்யூட்டரில் போட்டான். படம் பிரமாதம், அங்கிள் கை உஸ்தாத் கை என்றான். பிறகு சத்தத்தைக் கூட்டினான். காற்று. வேறொன்றும் இல்லை, சிமெண்ட் தரையில் சாக்கு மூட்டையை இழுப்பது போல ஒரே காற்று. எதை எதையோ குறைத்தான், ஏற்றினான், ஹெட்போனை எனக்கு மாட்டிவிட்டான். பதினொரு நிமிடத்தில் மூன்று இடத்தில் காற்று மூச்சு விட்டிருக்கிறது, மூன்று இடத்திலும் அம்மா ஒரே வார்த்தையைத்தான் சொல்லியிருக்கிறாள். ‘அதுக்கு இல்லடி.’ அதற்கு மேல் எழவில்லை. நந்தகுமார் பையைத் திறந்து ரோமம் வைத்த மைக்கை எடுத்து மேசைமேல் வைத்தான். நல்ல பையன்.

அகிலா, இதைத்தான் உன்னிடம் சொல்ல வேண்டும். வேலையை விட்டதற்குத்தான் அம்மாவுக்குக் கோபம் என்று உனக்குச் சொன்னவன் நான். அவளைக் கேட்டுச் சொன்னேனா என்றால் இல்லை, நானாக ஊகித்துச் சொன்னேன். எனக்கு அந்தக் கோபம் இருந்தது, அவளுக்கும் அதுவே என்று எழுதிக்கொண்டேன். அதற்கு இல்லை என்று அவளே மூன்று தடவை சொல்லியிருக்கிறாள். எதற்கு என்பது காற்றோடு போய்விட்டது. படத்தில் ஓரிடத்தில் தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்குக் கையைக் காட்டுகிறாள், பிறகு சிரிக்கிறாள், பிறகு வெகுநேரம் கீரையையே பார்க்கிறாள். ஒன்பது தடவை பார்த்தேன், எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் ‘அனுப்பிட்டீங்களா’ என்று கேட்டாள். தலையை ஆட்டினேன். வராத சரக்கை வந்ததாக ஒரு நாளும் பதிந்ததில்லை, அன்று பதிந்துவிட்டேன். மறுநாள் பொங்கல். நீ வழக்கம் போல என் போனில் கூப்பிட்டாய். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, என் பக்கத்தில் வந்து நின்றாள். நீயோ, ‘பழைய கேமராவை இன்னொருவர் கேட்கிறார், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள்’ என்று பத்து நிமிடம் பேசினாய். உன் மேல் தப்பில்லை, உனக்கு ஒன்றும் வந்து சேரவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் அடுப்பை மறுபடி பற்றவைத்தாள். அன்றிலிருந்து தினமும் ஒரு தடவை, அகிலா ஏதாவது சொன்னாளா என்று கேட்கிறாள், இன்னும் பார்த்திருக்க மாட்டாள் என்று நானும் தினமும் ஒரு பொய் சொல்கிறேன். எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளைப் பார்க்கப் பாவமாகவும் இருக்கிறது.

கேமராவுக்கு என் முடிவு இதுதான். பெரிய பழைய கேமரா வேண்டாம், இன்னொருவரே வாங்கிக்கொள்ளட்டும். மூன்றாவது வழியில் போ, கேமராவைப் படம் எடுக்கும் நாட்களுக்கு மட்டும் வாடகைக்கு எடு. முதலில் மைக், காற்றை மறிக்கும் ரோம உறையோடு. இரண்டாவது ஹெட்போன், அதைக் காதில் மாட்டாமல் பட்டனைத் தொடாதே. பிறகு ஆட்டம் இல்லாத முக்காலி, பிறகு ஐம்பது எம்எம் லென்ஸ் ஒன்று. விளக்குக்குக் காசு மிஞ்சாது, ஜன்னலுக்குப் பக்கத்தில் எடுத்துக்கொள். மீதி இருப்பதைத் தொடாமல் வை, முதல் படம் சரியாக வராவிட்டால் இரண்டாவதுக்கு வேண்டும். என் பங்கு நாளை உன் கணக்கில் ஏறும். அட்டவணையைக் கிழித்துவிட்டேன்.

இந்த உறைக்குள் ஒரு பென்டிரைவ் இருக்கிறது. பார். நீ இப்போது வேலை பார்க்கும் எடிட்டிங் ஆபீசில் காற்றைப் பிரித்தெடுக்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கொடுத்துவிடாதே, அவள் உன்னிடம் சொன்னதை நான்கு பேர் காதில் போட்டு வடிகட்ட வேண்டாம். கேட்டுவிட்டேன் அம்மா என்று பொய்யும் சொல்லாதே, அப்படிச் சொல்லச் சொல்லி உனக்கு எழுத ஒரு நாள் முழுக்க எனக்கு ஆசை இருந்தது. சொக்கலிங்கம் போகிறார் என்று தெரிந்ததும் அம்மா உனக்கு நார்த்தங்காய் ஊறுகாய் போட்டுத் தருகிறாள், பதினொரு மாதத்தில் அவள் உனக்கு அனுப்பும் முதல் சாமான். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, அதற்கு மேல் ஒரு பாலிதீன் கட்டி, விமானத்தில் கவிழாது இல்லையா என்று என்னிடம் இரண்டு தடவை கேட்டாள். பதில் வராவிட்டாலும் ஊறுகாய் போகட்டும் என்று நினைத்தாளோ என்னவோ.

சனிக்கிழமை சொக்கலிங்கத்தை ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வந்ததும் அம்மாவிடம் உண்மையைச் சொல்லிவிடுவேன். அதன் பிறகு அவள் என்னோடும் பேச மாட்டாள், அது எனக்கு வேண்டியதுதான். நீ எடுக்கிற படம் நன்றாக வரட்டும், நினைத்த காரியம் கைகூடட்டும், எந்த ஊரில் இருந்தாலும் உனக்கு நல்லவர்களே துணைக்கு அமையட்டும் என்று அப்பா மனதார வாழ்த்துகிறேன். மறக்காமல் செய்ய வேண்டியது ஒன்று. சனிக்கிழமை சாயங்காலம் என் நம்பருக்குக் கூப்பிடாதே, அவள் நம்பருக்குக் கூப்பிடு. எடுத்ததும் நலம் விசாரித்து நேரத்தைப் போக்காதே. அதுக்கு இல்லன்னா எதுக்கும்மா என்று கேள். கேட்டுவிட்டுச் சும்மா இரு, அவள் முடிக்கிற வரைக்கும்.

இப்படிக்கு,
உன் அப்பா
கோவிந்தராஜ்