தோப்பு வழியில் விரித்த பாவு

பிள்ளையார்பாளையம்,
25-9-1971

அன்புள்ள தர்மனுக்கு,

அப்பாவும் உன் தங்கையும் நானும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். காமாட்சியம்மன் உன்னையும் அந்தக் கல்கத்தாவில் அப்படியே வைத்திருக்க வேண்டும். உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது, பதில் எழுதாததற்குக் கோபம்தான் காரணம், வேலை என்று பொய் சொல்ல மாட்டேன். முதலாளி கோதண்டபாணியைப் பகைத்துக்கொள்ளாதே அம்மா, பட்டும் ஜரிகையும் கொடுக்கிறவர், ஆற்று வழி நமக்கெதற்கு என்று எழுதியிருக்கிறாய். நீ அங்கே ஏரியில் துடுப்புப் போடப் பழகுகிறாய், இறங்குவதற்குப் படி கட்டி வைத்திருக்கிறார்கள் என்று அதே கடிதத்தில்தான் எழுதியிருக்கிறாய். இங்கே பிழைப்புக்குத் துடுப்புப் போடுகிற கலியனுக்குத் தோணியை ஒட்ட ஒரு கல் கிடையாது. (நீச்சல் நன்றாக வரும்வரை நடு ஏரிக்குப் போகாதே, இதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.)

நமக்கெதற்கு என்று கேட்டாயே, சொல்கிறேன். நம் வீட்டில் பட்டு இழைக்க வரும் நீலாம்பாள் பாலாற்றுக்கு அக்கரை என்பது உனக்குத் தெரியும். ஆற்றில் தண்ணீர் வந்தால் கலியன் தோணிதான். இக்கரையில் செவிலிமேட்டில் தோப்பு வாங்கிய முதலாளி துறைக்குப் போகும் வழியில் முள்வேலி போட்டதிலிருந்து தோணி மேட்டுக்கரையில் ஒதுங்குகிறது. போன மாதம் அங்கே கைக்குழந்தையோடு ஏறும்போது நீலாம்பாள் சறுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. குழந்தையை விடவில்லை, அதனால்தான் கை போயிற்று. நான் தாலுகா ஆபீசுக்குப் போய்க் கிராமப் படத்தை வாங்கிப் பார்த்தேன். அந்த வழி புறம்போக்கு, ஊர்ப் பொதுவழி. மனு எழுதிக் கொடுத்தேன், பதிலில்லை. உன்னை வயிற்றில் சுமந்துகொண்டு இன்டர்மீடியட் பரீட்சை எழுதியவள் நான், மனுவோடு நின்றுவிடுவேனா? தெருவில் வீடு வீடாகப் போய்க் கேட்டேன், இருபது பேர் மண்வெட்டியோடு வந்தார்கள்.

இதில் ஒரு தப்புச் செய்தோம். தறிக்காரர்களுக்கு அமாவாசைதானே லீவு, ஆவணி அமாவாசையன்று போய் வேலியைப் பிடுங்கி வழியைச் சமன் செய்தோம், மறுநாளே முள் திரும்ப வந்துவிட்டது. மகாளய அமாவாசைக்கும் அதே கதை. இவர்கள் மாதத்தில் ஒருநாள் சூரர்கள், மற்ற நாளில் தறிக்குழியிலிருந்து காலை எடுக்க மாட்டார்கள் என்று முதலாளி கடையில் உட்கார்ந்து சிரித்தாராம். தீபாவளிச் சேலை நெருக்கத்தில் யாரால் தறியை விட முடியும்? அப்போது உன் அப்பா, வாயே திறக்காத மனுஷர், ஒரு வார்த்தை சொன்னார். தறியில் ஏற்றுமுன் பாவின் நெடுக்கு இழைகளை நீள விரித்துச் சரிசெய்ய எப்படியும் விடியற்காலையில் தெருவுக்கு வரத்தானே வேண்டும், அதை அந்த வழியில் விரித்தால் என்ன என்றார்.

வியாழக்கிழமை விடிவதற்குள் பாவைச் சுருட்டி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனோம். முள்ளை விலக்கி, இரண்டு முனையிலும் முளை அடித்து, வழியின் முழு நீளத்துக்கும் பாவை விரித்தோம். தோப்பு நிழல் பட்டுக்கு நல்லதாகவே இருந்தது. விரித்த பாவைத் தாண்டினால் தறிக்கு ஆகாது என்று யாரும் தாண்ட மாட்டார்கள் அல்லவா, முள் சுமந்து வந்த ஆட்கள் சுமையை இறக்கிவிட்டு ஓரமாக நின்றார்கள். மற்றவர்கள் கீழே துறையில் படிக்குக் கல் பதித்துக்கொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் முதலாளியே வந்தார்.

"இன்னாம்மா கூத்து இது, என் தோப்புல பாவு போட்டுக்கினு?" என்றார்.

"உங்க தீபாவளிச் சேலைக்கு நீங்க குடுத்த பாவுதான் முதலாளி. தாண்டிக்கினு போறதுன்னா போங்க," என்றேன்.

பட்டு வியாபாரி, செருப்பைக்கூடக் கிட்டே கொண்டுவரவில்லை. வேலை முடிந்து பாவைச் சுருட்டுவதற்குள் ஏழு படி இறங்கியிருந்தது. கலியன் தோணியை முதல் கல்லில் ஒட்டி நிறுத்தினான். நீலாம்பாள் கட்டுப்போட்ட கையோடு, ஒருவர் தோளையும் பிடிக்காமல் ஏறி வந்தாள். அன்றிலிருந்து காலையில் ஒரு வீட்டுப் பாவு அங்கேதான். ஆட்கள் முள்ளோடு வந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். அடுத்த வாரம் சர்வேயர் அளக்க வருவதாகத் தாசில்தார் ஆபீசில் வாய்வார்த்தை சொல்லியிருக்கிறார்கள், எழுதித் தரவில்லை.

இப்போது உனக்குத் தெரியவேண்டியதைச் சொல்கிறேன். நேற்றுக் கடைக் கணக்குப்பிள்ளை வந்து, கையிலிருக்கும் பாவு முடிந்ததும் இந்த வீட்டுக்கு நூல் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போனார். பயமாகத்தான் இருக்கிறது தர்மா, உன் தங்கை தூங்குவதைப் பார்த்தால் இன்னும் பயமாக இருக்கிறது. வேறு முதலாளியைப் பார்ப்போம் என்கிறார் அப்பா, அவர் குரலும் அவ்வளவு உறுதியாக இல்லை. ஆனால் ஐப்பசி மழை நமக்காகக் காத்திருக்காது, வழி மறுபடி அடைபட்டால் அக்கரைக்காரர்கள் அந்த மேட்டில்தான் ஏற வேண்டும். கடையிலிருந்து நம் வீட்டுக்கு வந்த கடைசிப் பாவை நாளைக்கு விரிக்க வேண்டும். செவிலிமேட்டில்தான் விரிக்கப்போகிறோம். பாவை இழுத்து நிறுத்தும் தலைமாட்டுக் கோலைப் பிடிப்பது நான்.

வேண்டாம் என்று தந்தி அடிக்காதே, இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் முடிந்திருக்கும். வயிறாரச் சாப்பிடு, நன்றாகப் படி, நூறு வயது இருப்பாய். கம்பளியை வெயிலில் உலர்த்தி வை, அங்கே குளிர் சீக்கிரம் வந்துவிடும் என்கிறார்கள்.

உன் அம்மா,
வடிவாம்பாள்