மகள் வீட்டுச் சோறு

என் சொல்லை ஒருநாளும் தட்டாத, அன்புக்குரிய உங்களுக்கு,

போடி டூரிங் டாக்கீஸில் ஒரு படம் பார்த்தேன். தாலி இழந்தவளுக்குப் படம் ஒரு கேடா என்று கேட்டவர்களிடம், டிக்கெட் கொடுத்தவர் அதைக் கேட்கவில்லையே என்று சொல்லிவிட்டேன். நம் மகள் செண்பகம்தான் அழைத்துப் போனாள்.

புத்த பிட்சுகளைப் பற்றிய படம். பாட்டு இல்லை, பேச்சும் அதிகம் இல்லை. பெரிய வீட்டுப் பிள்ளை ஒருவன் துறவியாகிறான். காலையில் பிச்சைப் பாத்திரத்தோடு தெருவில் போகிறான். மூடியைத் திறக்கக் கூச்சப்பட்டுப் பசியோடு திரும்புகிறான். மறுநாளும் அப்படியே.

பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்: "அண்ணே, வெரசா ஓட்டுங்க! இந்த ஆளு நடந்தே மதுரைக்குப் போயிருவாரு போல!" கொட்டகையே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் மடியில் டிபன் கேரியர் இருந்தது.

பேரப்பிள்ளை பிறக்கும்வரை மகள் வீட்டில் கை நனைப்பதில்லை என்பது நம் வழக்கம். மலைமேல் நம் ஏலத்தோட்டத்திலிருந்து போடிக்கு இறங்கும்போதெல்லாம் கேரியரும் தண்ணீர்க் கூஜாவுமாய்த்தானே அவள் வீட்டுக்குப் போனோம்? அவள் வைக்கும் வெறுந்தட்டில் நம் சோற்றைப் போட்டுச் சாப்பிட்டோம். அவளுக்குத் தலை நரைத்தது. இனிப் பிள்ளை இல்லை என்றும் ஆயிற்று. கேரியர் போவது மட்டும் நிற்கவில்லை.

கடைசியாக உங்களை மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில் ஜீப்பை அவள் வாசலில் நிறுத்தினோம். கஞ்சி கொண்டுவந்தாள்.

"ஒரு வாய் குடிங்கப்பா."

"இருக்கட்டும் தாயி. கூஜாவுல தண்ணி இருக்கு."

ஜீப்பு திரும்பும்வரை அவள் அந்த டம்ளரைப் பிடித்தபடியே நின்றாளே, பார்த்தீர்களா? மதுரையிலிருந்து நீங்கள் உயிரோடு திரும்பவில்லை.

படத்தில் அந்தப் பிட்சு ஒருநாள் ஒரு வாசலில் நின்று, மூடியைத் திறந்தான். உள்ளிருந்து ஒரு பெண் சோற்றோடு வந்தாள். செண்பகம் திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

"இவரு எங்க வாசலுக்கு வந்தா நிப்பாராம்மா? இல்ல, பிள்ளை இருக்கான்னு விசாரிச்சிட்டுத்தான் நிப்பாரா?"

கான்வென்டில் எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்கியவள் நான். இதற்கு மடியிலிருந்த கேரியரைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவள் வீட்டுக்கு வந்ததும் வழக்கம்போல வெறுந்தட்டை வைத்தாள். நான் கேரியரைத் திறக்கவில்லை.

"உன் சோத்தப் போடு."

அசையாமல் நின்றாள். "நெசமாவா சொல்றீங்க?"

"பசிக்குது. நின்னு பாத்துக்கிட்டு இருந்தா எப்படி?"

கத்தரிக்காய்க் குழம்பில் உப்பு கூடுதல். சொல்லவில்லை. இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். "அப்பாவும் ஒரு வாய்..." என்று ஆரம்பித்தவள், கரண்டியோடு அடுப்பங்கரைக்குள் போய்விட்டாள்.

உங்கள் அனுமதி கேட்டு இதை எழுதவில்லை. தெரிவிக்கிறேன், அவ்வளவுதான். வருகிற திதிக்கு உங்களுக்குப் படைக்கும் சோறு செண்பகத்தின் அடுப்பில், அவள் கையால் வேகும். இது என் வாக்கு.

வந்து உட்காருங்கள். கூஜா கொண்டுவர வேண்டாம்.

உங்கள் மனைவி,
செண்பகத்தின் அம்மா