இன்று பஸ் இல்லை, பூசைக்குப் போங்கள்

டிசம்பர் 8, திங்கள்

ஸ்டோரில் இன்று கார் வைப்பர் பெட்டிகளை எண்ணினேன். இருபத்து நான்கு வருடமாக எண்ணுகிறேன். ஒரு பெட்டிகூட என்னை ஏறிட்டுப் பார்த்ததில்லை.

மதியம் கேன்டீன் நோட்டீஸ் போர்டில் புதுத்தாள். ஐ.டி.யில் கம்பெனி உபயோகத்துக்கு வெப் பக்கங்கள் செய்ய ஓர் ஆள் வேண்டுமாம். உள்ளே இருப்பவர்களே கேட்கலாமாம். வயது வரம்பு போட மறந்துவிட்டார்கள். என் நாற்பத்தாறுக்கு அது கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது.

ஐ.டி. தலைவர் சிவசங்கருக்கு முப்பது வயது இருக்கும். மீசை இன்னும் பெர்மனன்ட் ஆகவில்லை. 2001-ல் வெப் டிசைன் படித்தேன் என்றேன். "அப்போ நான் எல்.கே.ஜி. மேடம்" என்றார். ஜனவரிக்குள் உருப்படியாக ஒன்று செய்து காட்டுங்கள் என்றும் சொன்னார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனாலும் சொன்னார்.

டிசம்பர் 9

தாமஸிடம் சொன்னேன். இன்டர்நெட் வராத பட்டன் போனில் பாம்பு விளையாட்டு ஆடியபடியே "செய்" என்றார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் என் கணவர் பேசிய நீண்ட வசனங்களில் ஒன்று.

டிசம்பர் 14, ஞாயிறு

யூடியூபில் பாடம் படிக்கிறேன். சொல்லிக்கொடுப்பவனின் வேகத்துக்கு நோட்ஸ் எடுத்தே விரல் வீங்கிவிட்டது.

ஆனால் அந்த ருசி மாறவில்லை. 2001. ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் கம்ப்யூட்டர் சென்டர். தாமஸும் அங்கேதான் படித்தார். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் நுழைய வேண்டும். ஏ.சி. உண்டு, எங்களுக்காக இல்லை, கம்ப்யூட்டருக்காக. 'சிவப்பு' என்று எழுதினால் திரையில் சிவப்பு வரும். அவ்வளவுதான், யாரிடமும் கேட்க வேண்டாம். ஸ்டோரில் ஓர் ஆணி கேட்டாலும் மூன்று கையெழுத்து.

அங்கேதான் எங்கள் கோயில் திருவிழாவுக்கு ஒரு வெப் பக்கம் செய்தேன். மாதா படம், சுற்றிலும் மினுக்கும் நட்சத்திரங்கள், குறுக்கே ஓடும் 'வருக வருக'. அடியில், எத்தனை பேர் பார்த்தார்கள் என்று காட்டும் எண். ஒரே வாரத்தில் ஆயிரத்து நாற்பது! அமெரிக்காவில் பார்க்கிறார்கள் என்று தெரு முழுக்கச் சொன்னேன். அமெரிக்காவில் யாருக்கு நம் திருவிழா தெரியும் என்று ஒருவரும் கேட்கவில்லை. நல்ல ஜனங்கள்.

அந்த எண்ணைக் காட்டித்தான் கோடம்பாக்கத்தில் ஒரு வெப் கம்பெனியில் வேலை வாங்கினேன். ஒன்பது நாள் போனேன். பத்தாம் நாள் இந்த வைப்பர் கம்பெனியிலிருந்து பெர்மனன்ட் லெட்டர். அப்பா அதை வாங்கி மாதா படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். மாதாவிடம் போய் எப்படி மறுத்துப் பேசுவது?

ஜனவரி 14, போகி

முடித்துவிட்டேன்!

கம்பெனி பஸ்ஸுக்கு ஒன்பது ரூட். ஷிப்ட் மாறினால் நேரம் மாறும். வாட்ஸ்அப்பில் ரூட்டுக்கு ஒரு வதந்தி. இனி போனில் என் பக்கத்தைத் திறந்தால் போதும். பிள்ளைப்பாக்கம், வடக்குப்பட்டு என்று ஸ்டாப் வாரியாக இன்றைய நேரம் வரும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் குறும்பாக ஒரு வரி: 'இன்று பஸ் இல்லை. பூசைக்குப் போங்கள்.' அடியில், பழைய ஞாபகத்துக்கு, பார்த்தவர்கள் எண்.

என் பெயர் போடவில்லை. கூச்சம். சரி, பயம்.

ஜனவரி 21, புதன்

பேக்கிங் பிரிவு முனியம்மாள் காண்ட்ராக்டில் இருப்பவள், வடக்குப்பட்டிலிருந்து வருகிறாள். பக்கம் என்னுடையது என்று அவளிடம் மட்டும் சொல்லியிருந்தேன். இன்று கையைப் பிடித்துக்கொண்டாள். "இன்னாக்கா, நீ போட்டா மாதிரியே ஆறு அஞ்சுக்கு வண்டி வந்து நிக்குது. ஜோசியம் கத்துக்கினியா?"

சிவசங்கரும் பார்த்துவிட்டார். பிப்ரவரி இரண்டாம் தேதி முடிவு சொல்வாராம். தூக்கம் வருமா?

பிப்ரவரி 1, ஞாயிறு

போச்சு.

பொங்கலுக்குச் சனிக்கிழமையும் சேர்த்து லீவு விட்டால், அதற்கு ஈடாகப் பிறகு ஒரு ஞாயிறு வேலை செய்ய வேண்டும். வருடா வருடம் உள்ள வழக்கம். இந்த வருடம் அந்த ஞாயிறு — இன்று. நோட்டீஸ் போர்டில் ஒரு வாரமாக இருந்ததாம். என் பக்கத்தை நம்பியதால் யாரும் போர்டைப் பார்க்கவில்லை. நூற்று அறுபது பேர் வரவில்லை. லைன் இரண்டு மணி நேரம் நின்றது.

நூற்று அறுபதில் நானும் ஒருத்தி. என் பக்கத்தை நானே பார்த்துவிட்டு, பட்டுப்புடவை கட்டிக்கொண்டு ஏழு மணிப் பூசைக்குப் போனேன். நற்கருணை வாங்க வரிசையில் நிற்கும்போது போன் துடிக்க ஆரம்பித்தது.

பிப்ரவரி 2, திங்கள்

எல்லோருக்கும் ஆப்சென்ட். முனியம்மாள் திட்டியிருந்தால் தேவலை. "நான் பூசைக்கெல்லாம் போறதில்லக்கா. நீ போட்டுக்கீறியேன்னு இழுத்துப் போத்திக்கினு தூங்கிட்டேன். இன்னொரு ஆப்சென்ட் வுழுந்தா காண்ட்ராக்ட்ல வராதன்னுடுவாங்க" என்றாள்.

எச்.ஆர். சண்முகசுந்தரம் சார், எவன் செய்த பக்கம் என்று தேடுகிறார். 'எவன்' என்றுதான் கேட்கிறார். 'எவள்' என்று அவருக்குத் தோன்றவே இல்லை. சிவசங்கர் என்னைத் தனியே கூப்பிட்டார். "பேர் எங்கயும் இல்ல மேடம். சும்மா இருந்துடுங்க. அடங்கினதும் வேலை உங்களுக்குத்தான்."

சும்மா இருந்துவிடலாமா? வாயை மூடி எனக்குப் பழக்கமில்லை. ஆனால் இருபத்து நான்கு வருடம் காத்திருந்த நாற்காலியாச்சே.

பிப்ரவரி 3

எழுதிக் கொடுத்துவிட்டேன். பக்கம் என்னுடையது, தப்பும் என்னுடையது, மற்றவர்களின் ஆப்சென்ட்டை எடுத்துவிடுங்கள் என்று. அடியில் 'அன்னபுஷ்பம், ஸ்டோர்ஸ்' என்று கையெழுத்து.

சண்முகசுந்தரம் சார் இரண்டு தடவை படித்தார். பக்கத்தை உடனே நீக்கச் சொன்னார். நூற்று ஐம்பத்தொன்பது ஆப்சென்ட் போனது. ஒன்று மட்டும் இருக்கிறது — என்னுடையது. சிவசங்கர் என்னைக் கண்டும் காணாமல் போனார்.

சாயந்திரம் தாமஸிடம் புலம்பினேன். வாழ்க்கையில் அந்த ஆயிரத்து நாற்பது ஒன்றாவது நிஜம் என்றேன். அவர் டீ டம்ளரைக் கீழே வைத்தார்.

"அதுல எண்ணூறு நான்தான்."

இன்னாது?

"எதிர் சீட்ல உக்காந்து அந்த நம்பரையே பாத்துக்கினு இருப்ப. ஏறினா சிரிப்ப. அதான் பக்கத்த மறுபடி மறுபடி தொறந்துக்கினே இருந்தேன்."

கம்ப்யூட்டர் சென்டரில் மணிக்கணக்காக என்ன படித்தார் இந்த மனிதர் என்று இன்றுதான் தெரிந்தது. மீதி இருநூற்று நாற்பது? அது நான்.

ஆக, எங்கள் இருவரையும் மாதாவையும் தவிர அந்தப் பக்கத்தை வேறு யாரும் பார்க்கவில்லை. அழுதேனா, சிரித்தேனா? இரண்டும்.

பிப்ரவரி 9, திங்கள்

போர்டில் புது நோட்டீஸ்: பஸ் விவரத்துக்கு இந்த எண்ணை அழைக்கவும். சண்முகசுந்தரம் சாரின் சொந்த எண். ஒன்பது ரூட், மூன்று ஷிப்ட். சாப்பிடும்போது ஒரு கையில் சாதம், ஒரு கையில் போன். பாத்ரூமிலிருந்தும் 'பிள்ளைப்பாக்கம் ஆறு பத்து' என்று குரல் வந்ததாகக் கேள்வி. கேள்விதான், நான் பரப்பவில்லை. இரண்டு பேரிடம் மட்டும் சொன்னேன்.

பிப்ரவரி 12, வியாழன்

அவரே ஸ்டோருக்கு வந்தார். கண்ணைச் சுற்றிக் கருவளையம். "அந்தப் பக்கத்த மறுபடி போடும்மா. என் சம்சாரம் என்னை கண்டக்டர்னு கூப்பிடறா."

ஒரு நிபந்தனை சொன்னேன். வேலை வைக்கிற ஞாயிறு எது என்று அவர் எனக்கு முன்வாரமே எழுத்தில் தர வேண்டும். சரி என்றார். பின்னால் நின்ற சிவசங்கர், "ஐ.டி.யில உக்காந்தே போடட்டும் சார்" என்றார், பெட்டிகளைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 2, திங்கள்

அடையாள அட்டையில் ஸ்டோருக்குச் சாம்பல் நிறக் கயிறு, ஐ.டி.க்கு நீலக் கயிறு. புது நீலக் கயிறு கழுத்தை அரிக்கிறது. கழற்றவில்லை.

ஞாயிறு வரியை மாற்றிவிட்டேன்: 'இன்று பஸ் இல்லை. இழுத்துப் போர்த்தித் தூங்குங்கள்.' முனியம்மாள் பார்த்து ஒப்புதல் கொடுத்தாள். இந்தத் தடவை அடியில் என் பெயரும் உண்டு.

காலை ஆறு மணிக்குள் பார்த்தவர்கள் முந்நூற்று எண்பத்தெட்டு. நான் திறந்தால் எண் ஏறாதபடி எழுதியிருக்கிறேன். தாமஸ் கையில் இன்னும் அதே பட்டன் போன்தான்.